வேகம் வேறு, கனம் வேறு, மணம் வேறு: சிகாரைச் சுவைத்து எடைபோடுவது எப்படி?

மும்பை செம்பூரில் ஒரு மொட்டை மாடி. நண்பனின் நாற்பதாவது பிறந்தநாள். துபாயிலிருந்து வந்திருந்த ஒருவர் மரப்பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு சிகார் கொடுத்தார். முதல் இழுப்பிலேயே ஒருவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. இருமி முடித்து மூச்சு திரும்பியதும் அவர் சொன்னார்: "செம ஸ்ட்ராங்! அதான் குவாலிட்டி." சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே ஆட்டினேன்.

அந்த ஒரு வரிக்குள் மூன்று தவறுகள் இருந்தன என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. ஒன்று, அவர் புகையை நெஞ்சுக்குள் இழுத்துவிட்டார்; சிகாரை அப்படி இழுப்பதே இல்லை. இரண்டு, தொண்டை கமறியதை 'ஸ்ட்ராங்' என்று எடுத்துக்கொண்டார். மூன்று, ஸ்ட்ராங்காக இருப்பதைத் தரம் என்று முடிவு கட்டினார். சிகார் பற்றிய பேச்சில் பெரும்பாலான குழப்பங்கள் இந்த மூன்றிலிருந்துதான் கிளைவிடுகின்றன.

சிகாரைக் கையால் தொடாதவர்களுக்கும் இது புரியும்படி எழுதப் பார்க்கிறேன். யாரையும் பிடிக்கச் சொல்லும் எண்ணம் இல்லை. புகையிலை உடம்புக்கு என்ன செய்யும் என்ற கணக்கும் நடுவில் வரும்.

சுருட்டு தெரியும், சிகார் எது?

ஆங்கிலத்தில் 'செரூட்' என்று ஒரு சொல் இருக்கிறது. அது நம்முடைய 'சுருட்டு'தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஊர்ப் பெயரையே சேர்த்து 'ட்ரிச்சினாபோலி' என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். திருச்சிக்காரரான என் பெரியப்பா வாயில் எப்போதும் ஓர் உறையூர்ச் சுருட்டு இருக்கும். பாதி நேரம் அணைந்துதான் இருக்கும். "இழுக்கக் கூடாதுடா, வாயில வச்சு உருட்டணும்" என்பார். சிகாரின் முதல் பாடத்தை அவர் அன்றே சொல்லிவிட்டார், எனக்குத்தான் உறைக்கவில்லை.

சுருட்டு என்றால் இரண்டு முனையும் திறந்திருக்கும். நாம் 'பிரீமியம் சிகார்' என்று கேள்விப்படுவதற்கு வாயில் வைக்கும் முனையில் இலையாலேயே ஒட்டிய சின்னத் தொப்பி உண்டு; அதை வெட்டித்தான் பிடிக்க வேண்டும். 'பிரீமியம்' என்றால் விலை என்று நினைப்பவர்கள் அதிகம். வியாபாரத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு: முழுக்க முழுக்கப் புகையிலை, கையால் சுற்றியது, உள்ளே நறுக்காத நீள இலை.

அமைப்பு எளிது. பழைய மெட்ராஸ் மெயில் பயணங்களில் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் துணிமணி, அதை இறுக்கிப் பிடிக்க ஒரு ஜமக்காளம், பார்வைக்கு மேலே நல்ல போர்வை. சிகாரின் நடுவில் இருப்பது உள்ளிலை. அதை உருளையாகப் பிடித்து வைப்பது கட்டு இலை. கண்ணுக்குத் தெரிவது மேலிலை. மலிவான சிகாரில் உள்ளே இருப்பது நறுக்குத் தூள். நல்லதில் முனையிலிருந்து முனைவரை ஓடும் இலை. டஸ்ட் டீக்கும் இலைத் தேயிலைக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. தூள் வேகமாக எரியும், சூடாகும், நாக்கைச் சுடும். நீள இலை நிதானமாக எரியும்.

டிகாக்ஷன் கணக்கு

மாதுங்காவில் காலை ஏழு மணிக்கு ஃபில்டர் காபி குடிப்பவருக்கு இந்த விஷயம் ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது.

ஒரு டம்ளர் காபியில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, குடித்த கால் மணி நேரத்தில் தூக்கத்தை விரட்டும் வேகம்; அது காஃபீன். இரண்டு, வாயில் தெரியும் கனம்; தண்ணியாக இருக்கிறதா, திக்காக இருக்கிறதா என்பது. மூன்று, மணம். மூன்றும் சேர்ந்தே வருவதால் ஒன்றாகவே நினைத்துவிடுகிறோம். சிக்கரியைக் கூட்டிப் பாருங்கள். டிகாக்ஷன் கறுக்கும், திக்காகும், கசக்கும். ஆனால் சிக்கரி வேரில் காஃபீனே கிடையாது. ஆகவே பார்வைக்கு மிரட்டும் அந்தக் காபியில் வேகம் குறைவு. மறுபக்கம், ரொபஸ்டா கொட்டையில் அரபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன் உண்டு. அதற்காக யாரும் அதன் மணம் இரண்டு மடங்கு என்று சொல்வதில்லை.

சிகாரிலும் அதே மூன்று. வேகம் என்பது நிகோடின். வாயில் அல்ல, தலையிலும் வயிற்றிலும் தெரியும். கனம் என்பது புகை நாக்கின்மேல் எவ்வளவு அடர்த்தியாக உட்காருகிறது என்பது. மோருக்கும் தயிருக்கும் உள்ள வித்தியாசம். மணம் என்பது புகை உங்களுக்கு எதை ஞாபகப்படுத்துகிறது என்பது. வேகம் குறைந்து மணம் நிறைந்த சிகார் உண்டு. வேகம் மட்டுமே இருந்து வேறொன்றும் இல்லாத சிகாரும் உண்டு. அதற்கும் நல்ல விலை வைத்திருக்கிறார்கள்.

நிறம் இங்கே பெரிய ஏமாற்றுக்காரன். 'மதூரோ' என்றழைக்கப்படும் கன்னங்கறுப்பு மேலிலையைப் பார்த்ததும் பயப்படுவார்கள். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பழுத்தது என்று பொருள். நீண்ட நாள் சூட்டில் புளித்துக் கறுத்த இலை அது; பெரும்பாலும் லேசாக இனிக்கும். சிக்கரி காபியின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே என்ன இலை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

கமறலை இந்த மூன்றில் எங்கே வைப்பது? எங்கேயும் இல்லை. மிளகாய் வறுக்கும்போது தொண்டையைப் பிடிக்குமே, அது சுவையே அல்ல, எரிச்சல். முகத்திலும் வாயிலும் உள்ள வலி நரம்புகள் தரும் செய்தி. சிகார் கமறினால் பெரும்பாலும் இலை சரியாகப் பதப்படவில்லை, அல்லது நீங்கள் அவசரப்பட்டு இழுத்துச் சூடேற்றிவிட்டீர்கள்.

இதுவரை வந்தது: வேகம், கனம், மணம் மூன்றும் தனித்தனி. கறுப்பு நிறமும் இருமலும் எதற்கும் சாட்சி அல்ல.

நாக்கு கால், மூக்கு முக்கால்

ஜலதோஷத்தில் ரசம் சாப்பிட்டிருப்பீர்கள். உப்பு தெரியும், புளிப்பு தெரியும், ஆனால் ரசம் தெரியாது. சீரகமும் பெருங்காயமும் எங்கே போயின? அவை முதலிலிருந்தே நாக்கில் இல்லை.

ஒரு சின்னச் சோதனை. மூக்கை விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு ஓர் ஏலக்காயின் விதைகளை மெல்லுங்கள். லேசான உறைப்பும் கசப்பும் தவிர ஒன்றும் தெரியாது. நாலைந்து முறை மென்றபின் விரலை எடுங்கள். ஏலக்காய் மணம் ஒரே அடியாக வரும். வாயின் பின்புறத்திலிருந்து மூக்குக்கு ஏறும் ஒரு வழி இருக்கிறது. மென்ற பொருளின் வாசம் அந்தப் பின்வாசல் வழியாகப் போய்த்தான் 'ருசி' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கைத் தருகிறது. இதற்குப் பின்வழி முகர்தல் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

சிகார் சுவைப்பவர்கள் செய்வது இதைத்தான். புகையை வாயில் வாங்குகிறார்கள், நெஞ்சுக்குள் விடுவதில்லை. ஓரிரு நொடி வைத்திருந்து பெரும்பகுதியை வாய் வழியே ஊதிவிட்டு, மிச்சமிருக்கும் கொஞ்சத்தை மெதுவாக மூக்கு வழியே வெளியேற்றுகிறார்கள். இதை 'ரெட்ரோஹேல்' என்பார்கள். முதல் தடவை செய்தால் கடுகு வெடித்த மாதிரி மூக்கு எரியும். சிகார் முழுக்க இதைச் செய்ய வேண்டியதில்லை. ஏழெட்டு தடவை போதும். வாயில் 'ஏதோ புகை' என்று தோன்றிய அதே சிகார், மூக்கு வழியே போகும்போது வறுத்த கொத்தமல்லி என்றும் தேவதாரு மரம் என்றும் பிரியும்.

ஒன்றும் கலக்காமல் சாக்லேட் வாசம் எங்கிருந்து?

"கோகோ, காபி, தோல், தேவதாரு" என்று சிகார்க்காரர்கள் அடுக்கும்போது கேட்பவர்களுக்கு இரண்டு சந்தேகம் வரும். ஒன்று, எசென்ஸ் கலக்கிறார்களோ? இரண்டு, சும்மா அளக்கிறார்களோ? அளப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாசங்களுக்கு இலைக்குள்ளேயே காரணம் உண்டு.

பறித்த இலையைக் கொட்டகையில் வாரக்கணக்கில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகிறது. இலை உடனே செத்துவிடுவதில்லை. தண்ணீர் வற்ற வற்றத் தன்னிடமுள்ள மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கி அதையும் தின்று தீர்க்கிறது. சிகரெட் புகையிலையைச் சூடான காற்றில் சில நாளில் உலர்த்திவிடுவதால் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. சிகார் இலையில் தங்குவதில்லை. இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகும்.

அடுத்ததுதான் விஷயம். லேசாக ஈரப்படுத்திய இலைகளை ஆள் உயரத்துக்கு அடுக்குகிறார்கள். ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே கை வைக்க முடியாதபடி சூடாகும் என்பது தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அதே சங்கதி. நுண்ணுயிர்களும் இலையின் நொதிகளும் வேலை செய்யச் செய்ய, அடுக்கின் நடுவில் வெப்பம் ஏறும். ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அடுக்கைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி மறுபடி அடுக்குவார்கள். மாதக்கணக்கில் இது நடக்கும். நம் ஊரில் புகையிலையைப் 'பாடம் போடுவது' என்று சொல்வதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேலைதான். கியூபாவிலும் நிகராகுவாவிலும் அதை இன்னும் நீட்டி, இலைக்கு இலை கணக்கு வைத்துச் செய்கிறார்கள்.

இந்தச் சூட்டில் இரண்டு காரியம் நடக்கிறது. முதலாவது கழிவு. இலையிலுள்ள புரதம் உடைந்து அம்மோனியாவாக வெளியேறுகிறது. அந்தக் கொட்டகைக்குள் நின்றால் கண் எரியும். முழுதாக வெளியேறாத இலையில் செய்த சிகார்தான் மூக்கில் ஏறிக் கமறுவது. மொட்டை மாடி நண்பர் 'ஸ்ட்ராங்' என்று பாராட்டியதில் பாதி இதுவாக இருந்திருக்கலாம்.

இரண்டாவது சேர்க்கை. மிச்சமிருக்கும் கொஞ்சம் சர்க்கரையும் புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்களும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுப்பு நிறமும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களும் உண்டாகின்றன. இதற்கு மேயார் வினை என்று பெயர். லூயி கமில் மேயார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912-இல் விவரித்தது. தோசையின் முறுகல், வறுத்த வேர்க்கடலை, காபிக்கொட்டை, கோகோ எல்லாவற்றின் மணத்துக்கும் பின்னால் இருப்பது இதே வினை. இதில் பிறக்கும் பைரசின் என்ற மணக்குடும்பம் வறுத்த காபியிலும் உண்டு, கோகோவிலும் உண்டு, சிகார் புகையிலும் உண்டு. ஆகவே ஒருவர் "காபி மாதிரி இருக்கிறது" என்றால் அது வெறும் உவமை இல்லை. இரண்டிலும் உண்மையாகவே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பற்றவைத்தபின் நெருப்புக்குச் சற்றுப் பின்னாலுள்ள இலை எரியாமல் வறுபடுகிறது. அங்கேயும் இதே வினை புதிதாக நடந்துகொண்டிருக்கும்.

சுருக்கமாக: தொங்கும்போது இலை சர்க்கரையைத் தின்கிறது, அடுக்கில் அம்மோனியாவைக் கக்குகிறது, அதே சூட்டில் காபி கோகோவின் பங்காளி மணங்களை உண்டாக்கிக்கொள்கிறது.

ஒரே செடி, மூன்று மாடி

வேகம் எங்கிருந்து வருகிறது? செடியில் இலை எந்த மாடியில் இருந்தது என்பதிலிருந்து. அடி இலைக்கு வெயில் குறைவு. மெல்லியது, சாதுவானது, ஆனால் நன்றாக எரியும். அதற்கு வொலாடோ என்று பெயர். நடு இலை செக்கோ. மணத்துக்குப் பேர் போனது. உச்சி இலை லிகேரோ. வெயில் முழுவதும் வாங்கித் தடித்து எண்ணெய்ப் பசையோடு இருக்கும், நிகோடின் அதிகம், சீக்கிரம் எரியாது. அதனால் லிகேரோவை நட்டநடுவில் வைத்துச் சுற்றிலும் மற்றதை வைப்பார்கள். சாம்பாருக்குத் துவரம்பருப்பு, புளி, பொடி என்று விகிதம் பார்ப்பது போல இந்த மூன்றின் விகிதம்தான் ஒரு பிராண்டின் கைமணம்.

ஊர்ப் பெயர்களும் காதில் விழும்: கியூபாவின் வுவெல்டா அபாஹோ, நிகராகுவாவின் எஸ்தெலி, அமெரிக்காவின் கனெக்டிகட். 'கியூபா என்றால் ஒசத்தி, மற்றதெல்லாம் டூப்ளிகேட்' என்பது பழைய கதை. கியூபப் புரட்சிக்குப் பின் பல புகையிலைக் குடும்பங்கள் நாட்டை விட்டு வெளியேறி டொமினிக்கன் குடியரசிலும் ஹோண்டுராஸிலும் நிகராகுவாவிலும் தொழிலை நட்டன. அமெரிக்கா 1962-இல் கியூபாமீது விதித்த வணிகத் தடை அங்கெல்லாம் சந்தையைத் திறந்துவிட்டது. உண்மையான டூப்ளிகேட் எதுவென்றால், கியூபப் பெயரைப் போட்டு யாரோ ஒருவர் 'நமக்குத் தெரிஞ்ச ஆள்' மூலம் பாதி விலையில் கொண்டுவருவது. எச்சரிக்கைப் படம் இல்லாத பெட்டி என்றால் அது முறையான வழியில் விற்பனைக்கு வரவில்லை என்றே அர்த்தம்.

சுண்ணாம்பு ரகசியம்

நெஞ்சுக்குள் இழுக்காவிட்டால் நிகோடின் எப்படி ஏறும்? தாதர் ஸ்டேஷன் வாசலில் உள்ளங்கையில் புகையிலையும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டைவிரலால் தேய்ப்பவரைப் பாருங்கள். அவருக்கு ரசாயனம் தெரியாது, ஆனால் சுண்ணாம்பு இல்லாமல் 'பிடிக்காது' என்று தெரியும். சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான காரம்). காரத்தன்மையில் நிகோடின் கட்டவிழ்ந்து, வாயின் தோல் வழியாகவே இரத்தத்தில் கலக்கும். நம் பாட்டிகளின் வெற்றிலைச் செல்லத்தில் சுண்ணாம்பும் புகையிலையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததன் விளைவும் இதுதான்.

சர்க்கரை தங்கிய சிகரெட் இலையின் புகை சற்றே அமிலமானது. வாயில் அவ்வளவாக உறிஞ்சப்படாது, நுரையீரலுக்குப் போயாக வேண்டும். சர்க்கரை தீர்ந்த சிகார் இலையின் புகையோ காரத்தன்மை உடையது; சுண்ணாம்பு கலந்த மாதிரி வாயிலேயே வேலையைக் காட்டிவிடும். முன்னே 'பின்னால் முக்கியமாகும்' என்றேனே, அது இதற்காக. வெறும் வயிற்றில் ஒரு பெரிய சிகாரைப் பிடித்து, வியர்த்து, தலை சுற்றி, குளியலறைத் தரையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு.

"நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் ஒன்றும் செய்யாது" என்ற பேச்சு இந்த இடத்தில்தான் உடைகிறது. ஒரு சிகரெட்டில் இருக்கும் புகையிலை 1 கிராமுக்கும் குறைவு. பெரிய சிகாரில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கும். இழுக்காமல் பிடித்தாலும் வாய், குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் உண்டு, பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. கையால் சுற்றியது, இயற்கையானது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் ஒரு பைசா குறைக்காது.

மும்பை ஜூலையும் நமுத்த அப்பளமும்

சிகார் ஓர் இலை. காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், கக்கும். காற்றால் அதிகபட்சம் தாங்கக்கூடிய ஈரத்தில் இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதுதான் ஒப்பு ஈரப்பதம். சிகாருக்கு 65 முதல் 70 சதவீதம் சுகம். மும்பை ஜூலையில் 80-ஐத் தாண்டி நிற்கும். டப்பா மூடியை அரைகுறையாகப் போட்டால் அப்பளம் நமுத்துப்போகிற அதே நாளில் சிகாரும் ஊதிப்போகும். ஊதினால் இழுக்க வராது, மேலிலை வெடிக்கும், புகை கசக்கும். டெல்லி மே மாதத்தில் நேர்மாறு: காய்ந்து சருகாகி, சூடாக எரிந்து, மணம் பறந்துவிடும். ஒரே சிகாரை இரண்டு ஊரில் இருவர் பிடித்து இரண்டு மாதிரி பேசுவதற்கு இதுவே போதுமான காரணம்.

அதற்குத்தான் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி, 'ஹியூமிடார்' என்பார்கள். பளபளக்கும் மரப்பெட்டி வேண்டுமென்பதில்லை. காற்றுப் புகாத டப்பாவும், ஈரத்தை ஏற்றி இறக்கும் ஒரு பொட்டலமும், ஈரமானியும் போதும். ஈரமானி சரியாகக் காட்டுகிறதா? ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பு போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கரைத்துவிடக் கூடாது. அதையும் ஈரமானியையும் ஒரு ஜிப் பையில் போட்டு மூடி ஒரு ராத்திரி விட்டால், உள்ளே காற்று 75 சதவீதத்தில் வந்து நிற்கும். உப்பின் குணம் அது. உங்கள் ஈரமானி 70 என்றால் ஐந்து குறைத்துக் காட்டுகிறது. என் வீட்டில் இருந்தது எட்டு குறைத்துக் காட்டியது. ஒரு மழைக்காலம் முழுக்க அதை நம்பி ஒன்பது சிகாரை வீணாக்கினேன்.

சூடும் சேர்ந்தால் வண்டு வரும். மேலிலையில் குண்டூசித் துளை தெரிந்தால் அதுதான். புகையிலை வண்டு என்று பெயரே தவிர, மஞ்சள்தூள், மல்லித்தூள் டப்பாக்களில் ஓடுவதும் இதே பிராணிதான்.

இனி உட்கார்ந்து பார்ப்போம்

பற்றவைப்பதற்கு முன்பே பாதிப் பரீட்சை முடிந்துவிடும். மேலிலையில் தடித்த நரம்பு இருக்கிறதா, விரலால் மெல்ல அழுத்தினால் ஓரிடம் கல்லாகவும் ஓரிடம் பஞ்சாகவும் இருக்கிறதா? கல்லான இடத்தில் காற்று அடைபடும், பஞ்சான இடத்தில் தாறுமாறாக எரியும்.

சிகாரின் தடிமனை 'ரிங் கேஜ்' என்ற எண்ணால் சொல்வார்கள்: குறுக்களவு ஓர் அங்குலத்தின் 64 பாகங்களில் எத்தனை என்பது. 50 என்றால் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். 'ரொபஸ்டோ' என்ற அளவு சுமார் 5 அங்குல நீளம், 50 ரிங் கேஜ். காபிக் கொட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதை நிதானமாகப் பிடித்து முடிக்க முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

தொப்பியை மேல்விளிம்பில் மட்டும், இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டுங்கள். தாழ வெட்டினால் மேலிலை பிரிந்து வந்துவிடும். பற்றவைக்காமலேயே ஒருமுறை இழுங்கள். வைக்கோல், திராட்சை வற்றல், பழைய அலமாரி என்று ஏதோ ஒன்று தெரியும். ஸ்ட்ராவில் மோர் குடிக்கிற அளவு தடை இருந்தால் சரி. லஸ்ஸி மாதிரி இழுக்க வேண்டியிருந்தால் கோளாறு. நெருப்புக்குத் தீக்குச்சியோ பியூட்டேன் லைட்டரோ. பெட்ரோல் வாடையடிக்கும் பழைய லைட்டர் வேண்டாம், மெழுகுவத்தியும் வேண்டாம். நுனியை நெருப்பில் நேராக நுழைக்காமல், அப்பளம் சுடுகிற மாதிரி தள்ளிப் பிடித்துச் சுற்றிக் காட்டுங்கள்.

பிறகு நிமிடத்துக்கு ஓர் இழுப்பு. இதை எவ்வளவு சொன்னாலும் தகும். வேகமாக இழுத்தால் இலை வறுபடாமல் கருகும். கருகினபின் எந்த ஊர்ச் சிகாரும் ஒரே கசப்புதான்.

சிகாரை நீளவாக்கில் மூன்று பாகமாக மனதில் பிரித்துக்கொள்வது வழக்கம். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. புகை வாய்க்கு வரும் வழியிலுள்ள இலை ஒரு வடிகட்டி. கனமான பொருள்களையும் நிகோடினில் கொஞ்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எரிய எரிய அந்தச் சேமிப்பு சின்ன இடத்தில் குவிகிறது, வழியும் குட்டையாவதால் புகை சூடாகவே வருகிறது. ஆகவே முதல் பாகம் சாதுவாகவும் கடைசிப் பாகம் முரடாகவும் இருப்பது இயல்பு. நல்ல சிகாரில் நடுப்பாகத்தில் மணம் மாறும். கடைசிவரை ஒரே மாதிரி இருப்பது குற்றமல்ல, அலுப்பு. முரடாகிவிட்டால் வைத்துவிடுங்கள். நசுக்க வேண்டாம், தானே அணையும். விலை கொடுத்தாயிற்றே என்று விரல் சுடும்வரை பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பந்தியில் வயிறு நிரம்பியபின் ஜாங்கிரி விழுங்குவது போலத்தான்.

சாம்பல் நீளமாக நின்றால் கைதட்டுகிறார்கள். உள்ளே நீள இலை, ஒழுங்கான சுற்று என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். வெள்ளைச் சாம்பல் மண்ணிலுள்ள தாதுக்களின் கதை. ருசியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

எங்கே உட்காருவது என்பதும் ஒரு கேள்வி. இந்தியாவில் பொது இடத்தில் புகைப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் கடுமையாக நடைமுறையில் இருக்கிறது. 30 அறையோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல், 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகம் ஆகியவற்றில் தனி அறை வைக்கலாம். வீட்டில் என்றால், அடுத்த பிளாட்டுக்காரர் ஜன்னலை அறைந்து சாத்தும் சத்தத்தையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மார்க் போடுவது

சிகார் பத்திரிகைகள் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தருகின்றன. முறையாகச் செய்பவர்கள் பிராண்டைக் காட்டும் காகித வளையத்தைக் கழற்றிவிட்டு, எது எதுவென்று தெரியாமல் பிடித்துப் போடுகிறார்கள். தோற்றம், எரியும் ஒழுங்கு, மணம், மொத்த அனுபவம் ஆகியவை சேர்ந்துதான் அந்த எண். அதில் வேகத்துக்கு மார்க் இல்லை என்பதைக் கவனியுங்கள். 92-க்கும் 90-க்கும் உள்ள வித்தியாசத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அன்று மதியம் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டிருந்தால் என் நாக்குக்கு எல்லாமே 70 தான்.

எண்ணைவிடச் சொல் உதவும். அந்தச் சொல்லை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை என்பது என் கட்சி. வெளிநாட்டுக் குறிப்புகளில் 'கிரஹாம் பிஸ்கட்', 'ஹிக்கரி மரம்' என்று வரும். அவற்றை முகர்ந்தே பார்க்காத நாம் அதை எழுதினால் அது பொய். நம்மிடம் இல்லாத சொல்லா? நெடி, வாடை, கமறல், காறல், துவர்ப்பு. வாசத்துக்கு வெட்டிவேர், வசம்பு, நாட்டுச் சர்க்கரை, புதுச் செருப்பு, வைக்கோல், மழைக்கு முந்தைய மண். ஒரு நோட்டில் மூன்று பாகத்துக்கும் மூன்று வரி. வேகம், கனம், மணம் தனித்தனியாக. போதும்.

மூக்கைப் பழக்க எனக்கு வாய்த்த பள்ளிக்கூடம் மும்பையின் லால்பாக். ஏப்ரல், மே மாதங்களில் அங்குள்ள மிளகாய்க் கடைச் சந்தில் வருடத்துக்கான மசாலாவை வறுத்து இடித்து வாங்க ஊரே வந்து நிற்கும். போன வருடம் ஒரு சிகாரின் நடுப்பாகத்தில், மூக்கு வழியே விடும்போது, ஈர மரப்பட்டை மாதிரி ஒரு மணம் வந்தது. எங்கேயோ சாப்பிட்ட ஞாபகம், பெயர் வரவில்லை. நோட்டில் 'நடுப்பாகம்: மோர் கனம், வேகம் நடுத்தரம், மணம்' என்று எழுதி மிச்சத்தை வெறுமனே விட்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து லால்பாகில் வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்ற மராட்டி அம்மாள் தன் கோடா மசாலாவுக்கு 'தகட் ஃபூல்' இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். கடைக்காரர் ஒரு பிடி கறுத்த சருகை வாணலியில் போட்டார். அதே மணம். எங்கள் வீட்டில் பெரியம்மா கறிக்குழம்புக்குப் போடுவது.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து, விட்டிருந்த இடத்தில் 'கல்பாசி' என்று எழுதினேன்.